கூரையில் ஒரு ஜிப்

எங்கள் அண்ணி வீட்டில் யாரும் ஹாலின் நடுவில் நடக்க மாட்டார்கள். வாசல் கதவைத் திறந்தால் இடப்பக்கச் சுவரை உரசிக்கொண்டேதான் சமையலறைக்குப் போக வேண்டும். சாப்பிடுவது சுவரோரம். தையல் மிஷின் ஜன்னலோரம். கட்டிலைக்கூடக் கதவை இடிக்கிற அளவுக்கு ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார். நடுவில் ஒரு சாமானும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் தரை ஈரமாக இருக்கிறதோ என்று குனிந்து பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கீழே இல்லை, மேலே. அதை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அண்ணி தையல்காரி. கவுன், பள்ளிச் சீருடை, தலையணை உறை என்று எதைக் கொடுத்தாலும் தைப்பார். என் அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரே பெண். பொடிசு என்று கூப்பிடுவோம். இப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை. நான் அதே தெருக்கோடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை. சில்லறைக்கு மல்லுக்கட்டியே எனக்கு வாய் நீண்டுவிட்டது. அண்ணிக்கு நேர் எதிர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது.

முன்பு அப்படி இல்லை. இதற்கு முன் இருந்த வீட்டில் குழாய் ஒழுகியது. அண்ணி அந்த வீட்டுக்காரரிடம் போய், "குழாயைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். "பிடிக்கலைன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்று பதில் வந்தது. பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வாரமே சாமான்களை வெளியே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. மழையில் மெத்தை நனைந்தது. பொடிசு அப்போது கைக்குழந்தை. மூன்று பேரும் என் ஒற்றை அறையில் வந்து தங்கினார்கள். ராத்திரி யாராவது திரும்பிப் படுத்தால் எல்லோரும் திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் அப்படி இருந்தோம். அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரு பயம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வாயைத் திறந்தால் வீடு போய்விடும். அவ்வளவுதான் அந்தப் பயம், ஆனால் ஆளை முழுசாகப் பிடித்துக்கொண்டது.

அதனால் இந்த வீட்டுக்கு வந்த பிறகு எது கெட்டாலும் தானே பார்த்துக்கொண்டார். குழாய்க்கு வாஷர் மாற்றினார். கதவுக் கீல் கழன்றபோது தையல் மிஷின் எண்ணெயை விட்டுத் திருகி மாட்டினார். சமையலறை ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டபோது அதன்மேல் அழகாக ஒரு திரை தைத்துப் போட்டார். தையல்காரர்கள் புத்தி அது. துணியில் ஓட்டை விழுந்தால் மேலே ஒரு பூ வைத்துத் தைத்துவிடுவார்கள். பார்க்கிறவர்கள் பூவைத்தான் பாராட்டுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கியது. ஹால் கூரையில் முதலில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு கோட்டுக்குக் கிளைகள் முளைத்தன. ஒரு நாள் பொடிசு நடுஹாலில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் சீவ எழுந்து போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் காரை பெயர்ந்து விழுந்தது. ஒரு கை அகலம் இருக்கும். நோட்டு கிழிந்து, தரை ஓடு ஒன்று உடைந்தது.

யாராக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் ஓடியிருப்பார்கள். அண்ணி கதவைத் தாழ்ப்பாள் போட்டார். விழுந்த துண்டுகளைக் குப்பையில் போட்டால் யார் கண்ணிலாவது படும் என்று ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மிஷினுக்கு அடியில் தள்ளினார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னார். சீருடை தைத்து மிஞ்சிய லைனிங் துணிகளையெல்லாம் ஒட்டுப்போட்டு, ஹால் அளவுக்கு ஒரே விரிப்பாகத் தைத்து வைத்திருந்தார். வெளிர்மஞ்சள் நிறம், ஓரமெல்லாம் கொசுவம். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் வரிசையாகக் கொக்கி அடித்து அதை மாட்டினார். கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப அழகாக இருந்தது.

"அண்ணி, இது துணி. கல்லைத் தாங்காது" என்றேன்.

"சின்னதா விழுந்தா தாங்கும்."

"பெரிசா விழுந்தா?"

அண்ணி வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.

சின்னதாக நிறையவே விழுந்தது. துணி நடுவில் தொங்க ஆரம்பித்தது. தினம் கொஞ்சம் வயிறு வைத்தது. அண்ணி யோசித்து, சோபா உறைக்கு வைக்கிற நீள ஜிப் ஒன்றை வாங்கிவந்து, அந்த வயிற்றுக்குக் குறுக்கே வைத்துத் தைத்தார். ஒரு கழியின் நுனியில் கம்பியை வளைத்துக் கட்டிக்கொண்டார். கீழே வாளியை வைத்துவிட்டு, சுவரோரம் நின்றபடியே கழியை நீட்டி ஜிப்பை இழுத்தால் உள்ளே சேர்ந்ததெல்லாம் பொலபொலவென்று வாளியில் கொட்டும். முதல் தடவை பார்த்தபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உலகத்தில் யார் வீட்டுக் கூரைக்கு ஜிப் இருக்கிறது? சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேலே தொப்பென்று ஒரு சத்தம். துணி ஒரு முறை குதித்து அடங்கியது. எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து நானும் சுவரோரம்தான்.

வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. அவருக்கு அந்தப் பக்கம் நிறைய வீடுகள். எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் மாட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். அவர் வருவதற்கு முன் அவருடைய சத்தம் வரும். படியில் அந்தக் கலகலப்பு கேட்டதும் அண்ணிக்கு ஈரக்குலை நடுங்கும். பொடிசு உடனே எழுந்து பிஸ்கட் டின்னின் மேல் பள்ளிப் பையை வைப்பாள். அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா பயப்படுவதைப் பார்த்து அதுவாகவே கற்றுக்கொண்டது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வழக்கமாக அவர் வாசலிலேயே வாடகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அன்று குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, என்னம்மா இது, பெரிய ஹோட்டல் மாதிரி பண்ணி வச்சிருக்கே" என்றார். ஒரு நாற்காலியை இழுத்து, நேராக ஹாலின் நடுவில், அந்த வயிற்றுக்கு அடியில் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. "சார், இப்படி ஜன்னலோரம் உக்காருங்க, காத்து வரும்" என்றார்.

"இங்கயே நல்லா இருக்கு."

"அங்க வெளிச்சம் கண்ணைக் கூசும் சார்."

"கூசல."

"அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் சார்."

அவர் நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். அது மலை போல நின்றது. அண்ணி செய்த ரிப்பேர் அப்படி. எனக்கு இரட்டைப் பயம். இந்த மனுஷன் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம், விழாமல் அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம். அப்போது மேலே தொப்பென்று கேட்டது. அவர் தலைக்கு நேர் மேலே துணி குலுங்கி நின்றது.

"என்ன சத்தம்?"

"எலி சார்" என்றார் அண்ணி.

"வீட்டைச் சுத்தமா வச்சுக்கிட்டா எலி ஏன் வருது? அதெல்லாம் குடியிருக்கறவங்க பொறுப்பும்மா" என்று அறிவுரை சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார். இவ்வளவு நல்ல வீட்டை இவ்வளவு குறைந்த வாடகைக்கு யாரும் விடமாட்டார்களாம். அடுத்த மாதத்திலிருந்து ஒன்றரை மடங்கு வேண்டுமாம். முடியாவிட்டால் சொல்லிவிட வேண்டுமாம், ஆள் தயாராக இருக்கிறதாம். சாவிகள் குலுங்க எழுந்து போனார்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீடு போய்விடக் கூடாது என்று பயந்து பயந்து அழகாக்கினார். அந்த அழகே வீட்டுக்கு உலை வைத்தது. ஒன்றரை மடங்கு கொடுக்க அண்ணன் சம்பளம் போதாது. போனில் சொன்னதற்கு அவன், "பேசாம இரு, ஏதாவது பேசி வச்சிடாத, நான் வந்து பாத்துக்கறேன்" என்றான். எங்கிருந்து வருவது? அவன் எந்த ஊர் டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தானோ.

நான் விடவில்லை. வாடகைத் தகராறு பார்க்கிற அலுவலகம் ஒன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. மறுநாள் அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பெரிய கண்ணாடி போட்ட ஒரு அம்மா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லும்மா, என்ன பிரச்சனை?"

"எனக்கு இல்லீங்க. என் நாத்தனார் வீட்டுக்குக் கேக்கறேன்" என்றார் அண்ணி.

கண்ணாடிக்கார அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வைத்தேன். என் ஒற்றை அறைக்கு இப்படி ஒரு கூரை வந்து சேர்ந்தது.

அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். வாயால் சொல்லிவிட்டு அடுத்த மாதமே வாடகையை ஏற்ற முடியாது. எழுத்தில் கொடுக்க வேண்டும், அவகாசம் கொடுக்க வேண்டும், இஷ்டத்துக்கு ஏற்றினால் இந்த அலுவலகம் கேள்வி கேட்கும். பல்பு, வாஷர், சுத்தம், நாம் உடைத்தது இதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. கூரை, சுவர், மாடித் தண்ணீர் இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கூரை ஆபத்தாக இருக்கும்போது அதைச் சரிசெய்யாமல் வாடகையை ஏற்றவே விடமாட்டார்கள். புகார் சொன்னார்கள் என்பதற்காகக் காலி பண்ணச் சொல்லவும் முடியாது.

"சரி, கூரை கெட்டிருக்குன்னு வீட்டுக்காரருக்கு எப்பச் சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"சொல்லல" என்றார் அண்ணி.

"சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்? முதல்ல சொல்லுங்க. காட்டுங்க. அப்புறம் செய்யலைன்னா இங்க வாங்க."

வெளியே வந்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது போல இருந்தது. அண்ணிக்கு இரண்டு மடங்காக ஏறியிருந்தது. "நாம உடைச்சது நம்ம பொறுப்புன்னு சொன்னாங்களே, கேட்டியா?" என்றார்.

"நாம எங்க அண்ணி உடைச்சோம்?"

"கொக்கி அடிச்சிருக்கேனே. இத்தனை கொக்கி. துணியை எடுத்தா, நீ அடிச்சதாலதான் கூரை உடைஞ்சுதுன்னு சொல்லுவாரு. அப்ப வீடும் போச்சு, கூரைக்கும் நாமதான் அழணும்."

நான் எவ்வளவோ சொன்னேன். கத்தவும் செய்தேன். அண்ணி பிடி கொடுக்கவில்லை. துணி இருந்தால் வாடகை ஏறும், துணியை எடுத்தால் பழி வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் முழி பிதுங்கிப்போய் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் தைத்த சீருடை ஒன்றில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்திருந்தது. பொடிசை ஹாலுக்குள்ளேயே விடவில்லை. பள்ளிவிட்டு வந்தால் என் அறைக்கு அனுப்பிவிடுவார். தான் மட்டும் அந்தத் துணிக்குக் கீழே இருந்தார்.

எனக்கு விடுமுறையான ஒரு நாள், அங்கே பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படியில் சாவிச் சத்தம். கூடவே வேறு செருப்புச் சத்தமும். சாவிக்கொத்து கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு இளம் தம்பதி. பேக்கரியில் வேலை செய்கிறவனாம், சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. அவன் மனைவி தோளில் ஒரு கைக்குழந்தை.

"இவங்க காலி பண்ணிடுவாங்க. நீங்க நல்லா சுத்திப் பாத்துக்குங்க" என்றார் சாவிக்கொத்து.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கணவனின் கையைத் தட்டினாள். "இங்க பாருங்களேன், எவ்வளவு அழகா இருக்கு." அவளுக்குத் தோள் வலித்திருக்கும். நடுவில்தான் இடம் காலியாக, துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. சால்வையை விரித்துக் குழந்தையை அங்கே மல்லாக்கக் கிடத்திவிட்டு, சமையலறையைப் பார்க்கப் போனாள்.

ஊரெல்லாம் சண்டை போடுகிற என் வாய் அன்று திறக்கவில்லை. சொன்னால் இன்றைக்கே மெத்தை தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் என்னையும் பிடித்துக்கொண்டது, அதுதான் உண்மை. குழந்தை கையையும் காலையும் உதைத்துக்கொண்டிருந்தது. மேலே துணியின் ஒட்டுத் தையல் வழியாகக் கொஞ்சம் மண் கசிந்து, மாவு சலிக்கிற மாதிரி காற்றில் இறங்கியது. வயிறு லேசாக அசைந்தது.

அண்ணி மிஷின் பக்கத்தில் நின்றிருந்தார். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் வெளுத்துப்போயிருந்தது. திடீரென்று டேப்பை விட்டார். ஹாலின் நடுவே நடந்தார். அந்த வீட்டில் அவர் நடுவில் நடந்து நான் பார்த்ததே அன்றுதான். குழந்தையைச் சால்வையோடு அள்ளிக்கொண்டுபோய் அதன் அம்மா கையில் கொடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் சுவரோரம் வாங்க" என்றார். யாரும் அசையவில்லை. "வாங்க சார், தயவு பண்ணி வாங்க" என்று மறுபடி சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கினார்கள். அண்ணி கழியை எடுத்து நீட்டி ஜிப்பை இழுத்தார்.

முதலில் மண் கொட்டியது. பிறகு துண்டுகள். பிறகு துணி ஒரு பக்கம் கொக்கியோடு கழன்று தொங்க, தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் இறங்கி, சால்வை கிடந்த இடத்தில் மோதிச் சிதறியது. தூசி அடங்கியபோது கூரையில் கம்பிகள் தெரிந்தன, துருப்பிடித்து உரிந்துபோய். அந்தப் பெண் குழந்தையின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டாள்.

சாவிக்கொத்து தலையிலும் தோளிலும் வெள்ளையாக நின்றார். அண்ணி எதற்குப் பயந்தாரோ அதையே சொன்னார். "கொக்கி அடிச்சு என் வீட்டையே உடைச்சிட்டியேம்மா."

அண்ணி குனிந்து பிஸ்கட் டின்னை இழுத்து அவர் முன்னால் வைத்தார். "இது கொக்கி அடிக்கறதுக்கு முன்னாடி விழுந்தது சார். மாடித் தண்ணி. என் பொண்ணு தலையில விழவேண்டியது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாளைக்கே காலி பண்ணு."

கண்ணாடிக்கார அம்மா சொன்ன அத்தனையும் அண்ணிக்கு மறந்துவிட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகத்தில் இருந்தது. "எழுதிக் குடுங்க சார்" என்றார்.

அவர் ஏதோ கத்தினார். அண்ணி மறுபடியும் அதையேதான் சொன்னார். மூன்றாம் முறையும் அதையே சொன்னார். மேலே எங்கேயோ இன்னொரு துண்டு நெகிழ்ந்து கிறீச்சிட்டது. சாவிக்கொத்து பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். அப்புறம் கதவுக்குப் போனார். நடுவாகப் போகவில்லை. சாவிகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், சுவரை ஒட்டி ஒட்டிப் போனார்.

அதற்குப் பிறகான வாரங்களில் அண்ணி சாப்பிட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. சாமான்களைப் பாதி கட்டி என் அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். ஆள் வந்து பார்த்தார்கள். விசாரணையன்று சாவிக்கொத்து, தான் போனபோது கூரை நன்றாக இருந்ததாகவும், தனக்கு யாரும் எதையும் காட்டவில்லை என்றும் சொன்னார். அப்போது கதவைத் திறந்துகொண்டு அந்த பேக்கரிக்காரர் மனைவி வந்தாள், தோளில் குழந்தையோடு. நாங்கள் கூப்பிடவில்லை, எப்படியோ கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வரப்போகிறவள் என்று அண்ணி பயந்தாரே, அவள்தான். "எங்க முன்னாடிதான் காட்டினாங்க. மேல கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருந்துச்சு. இவன் அங்கதான் படுத்திருந்தான்" என்று குழந்தையைக் காட்டிச் சொன்னாள்.

கூரையைச் சாவிக்கொத்து கட்டிக் கொடுத்தார். அதுவரை பழைய வாடகைதான் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு முறையாக எழுத்தில் சொல்லி, அவகாசம் கொடுத்து, கொஞ்சம் ஏற்றினார். அண்ணி கொடுக்கிறார். கொக்கி அடித்த ஓட்டைகளைத் தன் கையாலேயே அடைத்தார், அது தன் பொறுப்பு என்று. பொடிசு இப்போது நடுஹாலில் காலை நீட்டிப் படுத்துப் படிக்கிறாள்.

போன வாரம் நானும் அண்ணியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அவ்வளவு பயந்தீங்களே அண்ணி. நான் சொல்லிக் கேக்கல, ஆபீஸ்ல சொல்லிக் கேக்கல. அன்னைக்கு எப்படித் தொறந்தீங்க?"

அண்ணி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "இப்பவும் பயம்தான்" என்றார். "நாம யாரும் இந்த வீட்டுல மேல பாக்கவே மாட்டோம் இல்ல? அந்தக் குழந்தை மல்லாக்கப் படுத்துக்கிட்டு அதையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பாத்துச் சிரிச்சுது."

சொல்லிவிட்டு இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார், சுவரோரமாக.